ஏறுகிற விலைக்கும் மூச்சு வாங்கும்

மாடிப்படி முடிகிற இடத்தில் கிடந்த செருப்பெல்லாம் ஆம்பிளைச் செருப்பு. அதற்குப் பக்கத்தில் என்னுடையதைக் கழற்றி விடவே கூச்சமாக இருந்தது. சுவரை ஒட்டி ஓரமாக விட்டேன்.

உள்ளே பான் வாசனையும் கார்பன் பேப்பர் வாசனையும் கலந்து அடித்தது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் திண்டில் சாய்ந்துகொண்டு ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அவர்தான் தலால். ஷேர் வாங்கி விற்றுக் கொடுக்கிற புரோக்கரை டில்லியில் அப்படித்தான் சொல்வார்கள். சுற்றிலும் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தலால் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சாஹப் வரலையா?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. கூட வந்த பக்கத்து வீட்டுப் பம்மி என் முழங்கையில் இடித்தாள். "போலோ நா, பெஹன்." சொல்லேன் அக்கா என்கிறாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நாங்கள் குடியிருந்த கிட்வாய் நகரில் பஸ் ஏறினதிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அங்கே போய் நின்றபோது அதில் ஒரு எழுத்துகூட ஞாபகமில்லை.

அது என்ன வாக்கியம், பால் பூத்தில்கூடப் பேசாத நான் அதைச் சொல்ல ஏன் அவ்வளவு தூரம் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பேருக்கு விழுந்தது

பால் பூத் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே காலி பாட்டிலை நீட்டினால் நிறைந்த பாட்டில் வரும். பேச்சே வேண்டாம். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்த எனக்கு அந்த ஊரில் முதலில் பிடித்துப்போன இடம் அதுதான். காய்கறி வண்டிக்காரரிடம் கையால் காட்டுவேன். அவரே எடை போட்டு, அவரே விலை சொல்லி, அவரே "அச்சா, மாதாஜி" என்று முடித்துக்கொண்டு போய்விடுவார். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மாதாஜி என்றதற்குச் சண்டை போடவும் கூச்சம்.

என் வீட்டுக்காரர் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். கலர் டிவி வந்த புதிதில் அவர் ஆபீஸில் எல்லாருக்கும் ஷேர் பித்துப் பிடித்திருந்தது. புதுக் கம்பெனி ஷேர் வெளியிடுகிறது என்றால் வீட்டில் உள்ள அத்தனை பேர் பெயரிலும் மனுப் போடுவார்கள். குலுக்கலில் யார் பெயருக்கு விழுகிறதோ அவர் பெயரில் ஷேர் வரும். என் வீட்டுக்காரர் பெயருக்கு ஒன்றும் விழவில்லை. என் பெயருக்கு ஒரு கம்பெனி விழுந்தது.

"கோமதி, நீ வாயத் தொறக்காமலே சம்பாதிச்சுட்ட" என்றார்.

அந்தக் கம்பெனிக்கு நீளமான இங்கிலீஷ் பெயர். நாங்கள் அட்டைக் கம்பெனி என்றுதான் சொல்வோம். அவர்கள் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதைக் கரோல் பாக் கடையில் நீட்டினால் கையில் காசில்லாமலே புடவை எடுக்கலாம். கடைக்காரருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிடும். மாசம் முடிந்ததும் நம்மிடம் வசூல் செய்யும். இன்று அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அன்றைக்குக் கடைக் கண்ணாடியில் அந்தக் கம்பெனி சீட்டை ஒட்டியிருந்தால் அது பெரிய கடை என்று அர்த்தம்.

பத்து நாளைக்கு முந்தின விலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருடைய சிநேகிதர் சேதுராமன் கரோல் பாக்கிலிருந்து வந்திருந்தார். நான் காபியைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். விருந்தாளி வந்தால் நான் நிற்கிற இடம் அது.

"விலை எவ்வளவுன்னு எல்லாரும் பாக்கறான். வேகம் எவ்வளவுன்னு எவனும் பாக்கறதில்லை" என்று சேதுராமன் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு விலையிலேருந்து பத்து நாளைக்கு முந்தின விலையைக் கழிங்கோ. வரதுதான் வேகம். மொமெண்டம்னு பேர். அது நாளுக்கு நாள் பெருசானா ஷேர் ஓடறதுன்னு அர்த்தம். விலை ஏறிண்டே இருந்து, இது மட்டும் சின்னதாயிண்டே வந்தா, ஓடறவனுக்கு மூச்சு வாங்கறது. அவன் எப்ப வேணா உக்காந்துடுவான்."

"தினமும் கழிச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா ஓய்?" என்றார் இவர்.

"நான் மட்டும் கழிக்கறேனாக்கும். புஸ்தகத்துல படிச்சேன், சொன்னேன். இன்னொரு வடை இருக்குமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு அன்றைக்கு வடையோடு முடிந்துபோனது. எனக்கு மட்டும் மனசில் தங்கிவிட்டது. காரணம், எனக்கு அது புதிசாகவே படவில்லை. டில்லிக் கோடையில் கரண்ட் போகும். போனவுடனே ஃபேன் நின்றுவிடாது. சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். படுத்திருக்கிறவருக்குக் கரண்ட் போனதே தெரியாது. அண்ணாந்து அதன் இறக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியும்.

சீதா, உல்டா

குளிர்காலம் வந்தால் கிட்வாய் நகர்ப் பெண்கள் எல்லாரும் வீட்டு வேலையைப் போட்டுவிட்டுப் புல்தரையில் வெயிலுக்கு வந்துவிடுவார்கள். கயிற்றுக் கட்டில், வேர்க்கடலை, ஆரஞ்சுப் பழம், எல்லார் கையிலும் பின்னல் ஊசி. எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தவள் பம்மி. பஞ்சாபிக்காரி. அவள் வாயைத் திறந்தால் மூன்று பிளாக்குக்குக் கேட்கும். அவள் பேசுவாள், நான் பின்னுவேன். அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது. நேர்ப்பின்னல் சீதா, மறுபின்னல் உல்டா. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிடலாம்.

சேதுராமன் வந்துபோன அந்தக் கார்த்திகையில் நான் ஒரு மஃப்ளர் ஆரம்பித்தேன். பம்மி வீட்டு மிச்ச உல்லன் மூன்று நிறத்தில் இருந்தது. பச்சை, கடுகு மஞ்சள், காப்பிக் கொட்டை நிறம்.

ஒரு நாளைக்கு ஒரு வரிசை. இவர் சாயங்காலம் ஆபீஸிலிருந்து கொண்டுவரும் பேப்பரில் அட்டைக் கம்பெனியின் விலையைப் பார்ப்பேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நாலாம் வகுப்போடு சரி. ஆனால் அந்தக் கம்பெனியின் முதல் எழுத்து குடைக் கைப்பிடி மாதிரி வளைந்திருக்கும், அடையாளம் தெரியும். எண் எல்லாருக்கும் பொதுதானே. பழைய பேப்பர், அதை எடைக்கு வாங்குகிற கபாடிக்காரருக்காகப் பரணில் கிடந்தது. அதில் பத்து நாள் பழசை எடுத்துப் பார்த்துக் கழிப்பேன். நேற்று வந்த வித்தியாசத்தைவிட இன்று பெரிதென்றால் மறுநாள் வெயிலில் பச்சை வரிசை. சின்னதென்றால் கடுகு வரிசை. பத்து நாளைக்கு முந்தின விலையைவிடவே இன்று குறைந்துபோனால் காப்பிக் கொட்டை.

ஏன் பின்னினேன், காகிதத்தில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெண்பிள்ளை காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தால் என்ன ஏது என்று நாலு பேர் கேட்பார்கள். பின்னினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

போனஸ் அழுகை

நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் பேப்பரைப் பிரிக்கிறேன், விலை பாதியாகக் கிடக்கிறது. முந்தின நாள் இருந்ததில் சரிபாதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன். பாதிதான். அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்தது. இவர் கால் கழுவிவிட்டு வந்து பார்க்கிறார், நான் அழுதுகொண்டிருக்கிறேன்.

"ஏளா, ஊர்லருந்து தந்தி கிந்தி வந்துச்சா?"

"அட்டைக் கம்பெனி போச்சுங்க. பாதியாயிருச்சு."

அவர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் கட்டிலில் உட்கார்ந்துதான் சிரித்து முடித்தார். கம்பெனி போனஸ் கொடுத்திருக்கிறதாம். ஒரு ஷேர் வைத்திருப்பவருக்கு இன்னொரு ஷேர் சும்மா. ஒன்று இரண்டானால் விலை பாதியாகத்தானே செய்யும். அதைக் குறிக்க விலைக்குப் பக்கத்திலேயே இரண்டு பொடி எழுத்துப் போட்டிருந்தது. நான் எண்ணைப் பார்த்தவள், எழுத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. சேதுராமன் அடுத்த தடவை வந்தபோது, "மாமி, ஷேர் இரட்டிச்சதுக்கு ஒப்பாரி வெச்சது லோகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றவள் சமையலறைக்குள்ளேயே போய்விட்டேன்.

காப்பிக் கொட்டை நிறத்தை ஊசியில் ஏற்றவில்லை. பழைய விலைகளையும் பாதியாக்கிக் கணக்கை நேர் செய்துகொண்டு மறுபடி பின்னினேன். ஆனால் அதன் பிறகு ஷேரைப் பற்றி என் பேச்சு அந்த வீட்டில் எடுபடாது என்று ஆகிவிட்டது. அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று மாசி மாசம்தான் தெரிந்தது.

கடுகு நிறம்

தையில் அட்டைக் கம்பெனி பிய்த்துக்கொண்டு ஏறியது. மஃப்ளரில் பச்சை, பச்சை, பச்சை. பம்மி பார்த்துவிட்டு, "யாருக்கு இந்தக் கிளிக்கூண்டு?" என்றாள்.

எங்களுக்கு அந்த ஏற்றம் ரொம்ப வேண்டியிருந்தது. இவருக்குச் சித்திரையோடு ரிட்டயர்மெண்ட். சர்க்கார் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். யமுனைக்கு அக்கரையில் மயூர் விஹாரில் ஒரு கூட்டுறவுச் சொசைட்டி கட்டுகிற ஃபிளாட்டுக்கு வருஷக்கணக்காகத் தவணை கட்டியிருந்தோம். கடைசித் தவணை பங்குனிக்குள். பெரிய தொகை அது. கட்டாவிட்டால் நம் இடம் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிராவிடண்ட் பணம் மகள் கல்யாணத்தோடு தீர்ந்திருந்தது. மிச்சமிருந்தது அட்டைக் கம்பெனி ஒன்றுதான்.

மாசி பிறந்தபோது எங்கள் ஷேர்களின் மொத்த விலை அந்தத் தவணைக்குச் சரியாக வந்துவிட்டது. இன்னும் ஏறிக்கொண்டும் இருந்தது. பேப்பரில் தினமும் புது உச்சம். ஆனால் என் கையில் கடுகு வரிசை வந்தது. ஒன்று. பிறகு இன்னொன்று. நடுவில் ஒரு பச்சை. பிறகு வரிசையாகக் கடுகு. முதலில் வித்தியாசம் பன்னிரண்டு ரூபாய் இருந்தது. பதினொன்றாச்சு. ஒன்பதாச்சு. ஏழாச்சு. விலை மட்டும் மேலே.

கரோல் பாக்குக்குப் பம்மியோடு போய்க் கடைகளையும் பார்த்து வந்தேன். கண்ணாடியில் சீட்டு ஒட்டித்தான் இருந்தது. கூட்டமும் குறையவில்லை. கெட்டது என்று காட்ட ஒன்றுமே இல்லை. ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"நீயே போய்ச் சொல்லு"

அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தேன். "ஏங்க, அட்டைக் கம்பெனியை வித்துருவோம்."

"எதுக்கு? ஏறிக்கிட்டுல்லா இருக்கு."

"ஏறுது. ஆனா முன்ன மாதிரி இல்ல. மூச்சு வாங்குது."

"யாருக்கு மூச்சு வாங்குது, உனக்கா? பட்ஜெட் வருது கோமதி. அதுவரைக்கும் ஏறும்னு ஆபீஸ்ல அத்தன பேரும் சொல்லுதான். இப்பம் வித்தா தவணைக்குத்தான் ஆகும். கொஞ்சம் பொறுத்தா அடுப்பு மேடை போடலாம், ஜன்னலுக்குக் கம்பி போடலாம்."

"கம்பி இல்லன்னா துணி கட்டிக்கிடலாம். வீடு இல்லன்னா எதுல கட்ட?"

அவர் கை சோற்றில் நின்றது. நான் எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"போனஸுக்கு அழுதவதானே நீ" என்றார்.

நான் ரசம் விட்டேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஷேர் உன் பேர்லதான் இருக்கு. கையெழுத்தும் உன்னுதுதான். நான் தடுக்கல. தைரியம் இருந்தா நீயே போய்த் தலால்ட்ட சொல்லு."

நான் போகமாட்டேன் என்று அவருக்கு நிச்சயம். காய்கறிக்காரரிடம் பேசாதவள் தலாலிடம் பேசுவாளா. கோபத்தில் சொல்லவில்லை. பூட்டைப் போட்டாச்சு என்கிற நிம்மதியில் சொன்னார். பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

காலையில் அவர் ஆபீஸ் போனதும் பீரோவிலிருந்து ஷேர்ப் பத்திரங்களை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பம்மி வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஜல்தி கிளம்பு" என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் அவள் செருப்பை மாட்டினாள். அவள் எதையும் கேட்காமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

பங்கா

தலால் போனைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார் என்று சொன்னேன். எனக்கு வாய் வரவில்லை. பம்மி பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் சார்பில் பேச வாயைத் திறந்தாள். அவள் தொடங்கினால் நான் அதற்கு அப்புறம் பேசவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"பேச் தீஜியே" என்றேன். விற்றுவிடுங்கள். அதுதான் அந்த வாக்கியம்.

சத்தம் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகம். தலால் போனை வைத்தார். பையை வாங்கிப் பத்திரங்களைப் பார்த்தார். "இதையா? எல்லாரும் வாங்க அலைகிறார்கள் பெஹன்ஜி. பட்ஜெட் வரை வைத்திருங்களேன். சாஹப் சொன்னாரா விற்கச் சொல்லி?"

"இல்லை. நான் சொல்கிறேன்."

"ஏதாவது சேதி தெரியுமா உங்களுக்கு?"

சுற்றி இருந்தவர்கள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சேதி தெரிந்தவள் என்று என்னைப் பார்த்து யாரும் அதுவரை நினைத்ததில்லை. எனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டினேன்.

"பிஜ்லி சலீ கயீ" என்றேன். "பங்கா அபி கூம் ரஹா ஹை." கரண்ட் போய்விட்டது. ஃபேன் இன்னும் சுற்றுகிறது.

ஒருவர் சிரித்தார். தலால் சிரிக்கவில்லை. என்னையும் பத்திரத்தையும் பார்த்தார். பிறகு ஷேர் பெயர் மாற்றுகிற பாரத்தை என் முன்னால் நகர்த்தி, "கம்பெனியில் போட்டிருக்கும் கையெழுத்து மாதிரியே இருக்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவான்" என்றார்.

நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். கோமதி என்று மூன்று எழுத்து. அந்த மாதிரி மெதுவாக நான் எதையும் எழுதியதில்லை. பாரத்துக்குப் பாரம், கொம்பும் சுழியும் ஒன்றுபோல விழுந்தன.

படியிறங்கும்போது பம்மி சொன்னாள்: "பேசவே தெரியாதுன்னு நினைச்சேன். இத்தனை வருஷம் என்னை மட்டும் பேசவிட்டு ஏமாத்தியிருக்கே."

இலையில் விழுந்த விலை

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், எடுத்தார், மறுபடி மாட்டினார். "போய்ட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து என் தண்டனை ஆரம்பமானது. தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் பேப்பரைப் பிரித்து அட்டைக் கம்பெனி விலையைச் சத்தமாக வாசிப்பார்.

"இன்னிக்கு ஒரு ரூபா ஏறிருக்கு."

"சரிங்க. பொரியல் போடட்டுமா?"

அடுத்த நாள்: "இன்னிக்கு முக்கா ரூபா. அடுப்பு மேடை போச்சு."

அதற்கடுத்த நாள்: "அரை ரூபா. ஜன்னல் கம்பி."

ராத்திரி படுக்கும்போது, இன்னொரு போனஸ் அழுகையாகிவிட்டால் இந்த ஜென்மத்தில் வாயைத் திறக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் ஊசி நிற்கவில்லை. விற்ற ஷேருக்கும் வரிசை போட்டேன். எல்லாம் கடுகு.

பட்ஜெட் வந்தது. போனது. அதன் பிறகு ஒரு சாயங்காலம் இவர் சாப்பிட உட்கார்ந்தார். பேப்பர் மடித்தபடியே பக்கத்தில் கிடந்தது. சாம்பார் சாப்பிட்டார். ரசம் சாப்பிட்டார். மோர் ஊற்றினேன்.

"இன்னிக்கு வாசிக்கலியா?" என்றேன்.

"கண்ணாடிய ஆபீஸ்ல விட்டுட்டேன்."

கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

மறுநாளும் வாசிக்கவில்லை. நான் பரணில் ஏறவில்லை, கழிக்கவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தே காப்பிக் கொட்டை வரிசை போட்டுவிடலாம் போல இருந்தது. ஹோலிப் பண்டிகைக்குள் விலை பாதிக்கும் கீழே போனது. இந்தத் தடவை போனஸ் ஒன்றும் இல்லை. அட்டை வாங்கின பலரிடம் கம்பெனியால் வசூலிக்க முடியவில்லை, கடைக்காரர்களுக்குப் பணம் தங்கிப்போனது என்று பிறகு பேப்பரில் வந்ததாம். எனக்கு அதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. ஏற்றம் சளைத்தது தெரிந்தது, அவ்வளவுதான்.

நான் கேட்காமலே ஒரு நாள் இவர் பெங்காலி ஸ்வீட் கடைப் பொட்டலத்தோடு வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "பம்மிஜி, எங்க வீட்டம்மாவைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போய் வந்ததுக்கு" என்று நீட்டினார். பம்மி வாங்கிக்கொண்டு, மூன்று பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணா, நான் கூட்டிட்டுப் போகலை. அவதான் என்னைக் கூட்டிட்டுப் போனா" என்றாள்.

எந்த மாடி

பங்குனியில் சொசைட்டி ஆபீஸுக்கு இரண்டு பேருமாகப் போனோம். அதற்கு முன் ஒரு தடவைகூட இவர் என்னை அங்கே அழைத்துப்போனதில்லை. தகரக் கொட்டகை ஆபீஸ், வெளியே சிமெண்டு மூட்டை, கட்டி முடிகிற நிலையில் வரிசையாகக் கட்டிடங்கள்.

கெடுவுக்கு முன்பே முழுப் பணமும் கட்டியவர்களுக்கு ஒரு சலுகை வைத்திருந்தார்கள். எந்த மாடி வேண்டும் என்று சொல்லலாம். கடைசி நாளில் கட்டுகிறவர்களுக்குக் குலுக்கலில் விழுந்ததுதான். மேஜைக்குப் பின்னால் இருந்த செயலாளர் செக்கை வாங்கிக்கொண்டு இவரைப் பார்த்து, "எந்த மாடி சாஹப்?" என்றார்.

தரைவீடுதான் இவருக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். முழங்கால் வலி. பஸ்ஸில் வரும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

இவர் ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு முன்னால் போட்டார். "அவங்களைக் கேளுங்க" என்றார் இந்தியில். "பணம் அவங்களுது."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். வரிசையில் நின்றவர்களும் திரும்பினார்கள். நான் உட்கார்ந்தேன். கூச்சம் வந்தது. அது எப்போதும் வரும், இன்றைக்கும் வருகிறது. வந்தது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"முதல் மாடி" என்றேன். "தெற்குப் பார்த்தது. குளிர்காலத்தில் வெயில் உள்ளே வர வேண்டும்."

அவர் எழுதிக்கொண்டார். "வேறே ஏதாவது?"

"படிக்கட்டில் கைப்பிடி இருக்க வேண்டும். சாஹபுக்கு முழங்கால் வலி."

வெளியே சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவர்வரைக்கும் கேட்டிருக்கும்.